சட்டைப் பைக்குள் போன சிவப்பு அட்டை

பன்னிரண்டு வருடமாகப் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மரத்தட்டில் அடுக்கிய சாமான்களை இரண்டு இரும்புக் கைகளால் அப்படியே தூக்கி, இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கும் இறாக்கைத் தட்டில் ஏற்றி வைக்கிற வண்டி. அந்த மரத்தட்டை இங்கே ஸ்கிட் என்போம். கல்யாண வீடுகளில் யாராவது அன்ரி என் வேலையைக் கேட்டுவிட்டு, "உது ஆம்பிளையளின்ர வேலையெல்லோ?" என்பார். முந்தியெல்லாம் விளக்கம் சொல்லுவேன். இப்போது சொல்வதில்லை. ஆம்பிளைகள் அந்த வேலையை எந்த அழகில் செய்கிறார்கள் என்று பார்த்தவள் நான்.

நான் சொல்லப்போகிற சம்பவம் பிறம்ரனில், சாப்பாட்டுச் சாமான் இறக்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு வெயர்ஹவுசில் நடந்தது. ஸ்காபரோவில் இருந்து விடியற்காலையில் காரை எடுத்தால்தான் ஏழு மணிக்குப் போய்ச் சேரலாம். சேர்ந்ததும் முதல் வேலை வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது. டயர், சங்கிலி, ஹோர்ன், பிறேக், எண்ணெய் ஒழுகல் என்று ஒரு தாளில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட வேண்டும். எங்கள் இடத்தில் அந்தத் தாளை எல்லாரும் லஞ்ச் ரூமில் உட்கார்ந்து, கோப்பியைக் குடித்தபடி நிரப்பினார்கள். வண்டி நிற்பது ஒரு மூலை, தாள் நிரம்புவது இன்னொரு மூலை. பற்றரியில் ஓடும் வண்டிக்கு "காஸ் சிலிண்டர் நல்ல நிலையில் உள்ளது" என்று மாதக்கணக்காகச் சரி போட்ட ஒரு மகானும் அங்கே இருந்தார்.

இந்தத் தாள்களை நாள்தோறும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியவர் எங்கள் சுப்பர்வைசர். யாழ்ப்பாணத்துப் பெடியன்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கிழமையின் ஐந்து நாள் தாள்களையும் ஒரே கட்டாக வைத்து, தொலைபேசியில் கதைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு முடிப்பார். ஒரு காலத்தில் அவரும் எங்களோடு பெட்டி தூக்கியவர். சுப்பர்வைசர் ஆன மறுகிழமையே இரும்பு முனை வைத்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கூர்மூக்குத் தோல் சப்பாத்துக்கு மாறிவிட்டார். தன்னை எல்லாரும் "போஸ்" என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பம். நான் "தம்பி" என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

அவருக்கும் எனக்கும் லைசென்ஸ் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. ஒரு பிளாசாவில், கடைகளுக்குப் பின்பக்கத்து அறை. சனிக்கிழமை காலையில் ஒரு வீடியோ போடுவார்கள். பிறகு கேள்வித்தாள் தருவார்கள். பதிலையும் அவர்களே உரக்க வாசிப்பார்கள். வெளியே மூன்று கூம்புகளைச் சுற்றி ஒரு தரம் ஓட்டிக் காட்டினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே படம் ஒட்டிய அட்டை கைக்கு வந்துவிடும். அந்த அட்டையை நம்பித்தான் நானும் முதல் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள், பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டே வளைவில் திருப்பினேன். ஒரு ஸ்கிட் நிறையத் தக்காளி ரின் தலைகீழாகக் கொட்டியது. கீழே ஆள் இல்லாததால் நான் இன்று இதை எழுதுகிறேன். அன்றைக்குப் பிடித்த பயம் எனக்குப் போகவில்லை. அவரை அந்தப் பயம் பிடிக்கவேயில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

சம்பவம் நடந்த கிழமை, திங்கட்கிழமை அன்று என் வண்டியின் ஹோர்ன் செத்துப்போனது. தாளில் எழுதினேன். செவ்வாயும் எழுதினேன். பிறேக்கும் மிதித்துச் சற்றுப் பிந்தித்தான் பிடிக்கிறது என்று சேர்த்து எழுதினேன். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டு நாளும் அதே வண்டியை ஓட்டினேன். அதற்கு என்னிடம் சாட்டு எதுவும் இல்லை.

புதன்கிழமை காலை இறாக்கைகளுக்கு நடுவிலிருந்து வெளியே திரும்புகிறேன், முனையில் ஒருத்தி குந்தியிருக்கிறாள். அடித்தட்டில் இருந்த பெட்டியின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறேக்கை மிதித்தேன். வண்டி தன் பாட்டில் இன்னும் கொஞ்சம் போய்த்தான் நின்றது. இரும்புக் கையின் நுனிக்கும் அவள் தோளுக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும்.

அவள் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவள். திருச்சிப் பக்கம். புருஷன் படிக்கிறான், இவள் கடைகளுக்குப் போக வேண்டிய பெட்டிகளைப் பொறுக்கி எடுக்கிறாள். எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"அக்கா, வண்டி வர்ற சத்தமே கேக்கலையே," என்றாள்.

"ஹோர்ன் வேலை செய்யேல்லை. நீர் இப்பிடி முனையில குந்தியிருக்கக் கூடாது."

"அப்ப எங்கக்கா உக்காருறது? பெட்டி இங்கதான இருக்கு?"

சரியான கேள்வி. வண்டியை ஓரமாக விட்டேன். இரும்புக் கைகளைத் தரைமட்டும் இறக்கினேன். சாவியை எடுத்தேன். சுவரில் தொங்கிய பெட்டியைத் திறந்து, "ஓட்டக் கூடாது" என்று எழுதிய சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, பெயரையும் நேரத்தையும் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டினேன். அந்தப் பெட்டியை அதற்கு முதல் யாரும் திறந்ததில்லை போல. அட்டைகள் ஒட்டிப் பிடித்துக் கிடந்தன.

பத்து நிமிடத்தில் சுப்பர்வைசர் வந்தார்.

"என்னக்கா, வண்டியை ஏன் நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்?"

"ஹோர்ன் இல்லை. பிறேக் பிந்திப் பிடிக்குது. ரெண்டு நாளா எழுதியிருக்கிறன். இப்ப உந்தப் பிள்ளையை இடிச்சிருப்பன்."

"இடிக்கேல்லைத்தானே?"

"இடிக்கேல்லை."

"பிறகென்ன? ஹோர்ன் இல்லாட்டி வாயால கத்துங்கோ. வெளியில மூண்டு ட்ரக் நிக்குது."

"நான் ஓடமாட்டன், தம்பி. ஆபத்தான வேலையை மறுக்கிறதுக்குச் சட்டத்தில எனக்கு உரிமை இருக்கு. வேற ஆளிட்டைக் குடுக்கிறதெண்டால், நான் மறுத்தனான் எண்டதையும் அந்த ஆளுக்குச் சொல்லவேணும்."

அவர் சிரித்தார். சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். காஸ் சிலிண்டர் மகானும் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். ஆள் கூடினால் சுப்பர்வைசருக்குக் குரல் உயரும்.

"சட்டம் கதைக்கிறதெண்டால் ஒட்டாவாப் பாராளுமன்றத்துக்குப் போங்கோ. பொம்பிளையளுக்கு மெஷினைக் குடுத்தால் இதுதான். நான் ஓடிக் காட்டிறன், பாருங்கோ."

சிவப்பு அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சாவி என்னிடம் இருந்தது. அவர் ஒஃபீசில் இருந்து மற்றச் சாவியைக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் பிழை. ஒரு மனிதன் இரண்டு நிமிடத்துக்குள் இவ்வளவு பிழை விட முடியும் என்று நான் நினைத்ததில்லை. பெல்ற் போடவில்லை. தேங்காய்ப்பால் ரின் அடுக்கிய ஸ்கிட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கினார். முன்னால் ஒன்றும் தெரியாது. அப்படித் தெரியாவிட்டால் பின்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது அந்தப் பிளாசா வீடியோவிலேயே இருந்தது. அவர் முன்பக்கமாகவே ஓட்டினார். அதுவும் பாரத்தை இடுப்புயரத்தில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி.

நான் அந்தப் பெண்ணைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். மற்றவர்களையும் தள்ளிப் போகச் சொன்னேன். அசையவில்லை. அவர்களுக்கு வேடிக்கை.

முனையில் திரும்பும்போது பிறேக்கை மிதித்தார். அது தன் வழக்கப்படி பிந்திப் பிடித்தது. இறாக்கையின் இரும்புக் கால் மடங்குகிற சத்தம் கேட்டது. மேல் ஸ்கிட் சரிந்து, ரின்கள் மழை மாதிரிக் கொட்டின. வண்டி கவிழவில்லை. உள்ளேயே ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் ஒரு கீறலும் பட்டிராது. அவர் குதித்தார். போர்க்லிஃப்ட் பின்சில்லால், அதாவது பின்சக்கரத்தால், திரும்புகிற வண்டி; வால் பக்கம் வீசிக்கொண்டு வரும். அந்தப் பின்சில்லு அவருடைய கூர்மூக்குச் சப்பாத்துக்கு மேலால் ஏறி நின்றது.

நான் ஓடிப்போய் வண்டியை அசைத்து எடுத்து, நிறுத்தி, சாவியைப் பிடுங்கினேன். மடங்கிய இறாக்கைக்குக் கிட்ட யாரும் வராதீர்கள் என்று கத்தினேன். அந்த நேரத்திலும் ஒருவர் ரின் பொறுக்கிக்கொண்டிருந்தார். 911-ஐ அழைத்தது திருச்சிப் பெண். விலாசத்தைப் பிழையில்லாமல் சொன்னவளும் அவள்தான்.

என் ஜக்கெற்றை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. ஏதோ சொல்ல வந்தார். குனிந்தேன்.

"அக்கா, நீங்கள் அட்டை போட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ."

அம்மா என்று அழுதிருந்தால் எனக்கு இரக்கம் வந்திருக்கும். நொறுங்கிய காலோடு கிடந்தபடி அவர் யோசித்தது அதைத்தான்.

"வாயை மூடிக்கொண்டு படுத்திரும், தம்பி," என்றேன்.

அம்புலன்ஸ் போனபின் மனேஜர் என்னை ஒஃபீசுக்குக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர். எப்போதும் மெதுவாகப் பேசுவார். பிள்ளைகளின் படங்கள் மேசையில் இருந்தன. தண்ணீர் போத்தல் ஒன்றைத் திறந்து தந்தார். நல்ல மனிதன் என்று பலர் சொல்லுவார்கள். அவர் நயமாகப் பேசினால் நான் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக் கேட்பேன்.

"தரை ஈரமாக இருந்திருக்கலாம், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தேங்காய்ப்பால் கொட்டினபிறகு ஈரமாகத்தான் இருந்தது."

"அதற்கு முதல்?"

"காய்ந்திருந்தது."

"அட்டை கட்டியதாகச் சொல்கிறீர்கள். இப்போது வண்டியில் அட்டை இல்லையே."

"ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டைப் பையைப் பார்க்கச் சொல்லுங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்து எழுதும்படி சொல்லி ஒரு வெறும் தாளைத் தந்தார். நான் அங்கேயே இருந்து, திங்கட்கிழமையில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாள் நானும் அந்த வண்டியை ஓட்டியதையும் எழுதினேன்.

அடுத்த நாள் தொழில் அமைச்சில் இருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் நாள் சிரித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் அன்றைக்குக் குருடாகிவிட்டார்கள். ஒருவர் கழிவறையில் இருந்தாராம். இன்னொருவர் மற்றப் பக்கம் திரும்பி நின்றாராம். காஸ் சிலிண்டர் மகானுக்குச் சத்தம் மட்டும் கேட்டதாம். அவருடைய தாள்களை இன்ஸ்பெக்டர் ஒன்றொன்றாகப் புரட்டி, பற்றரி வண்டியில் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். மகான் வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

திருச்சிப் பெண்ணும் பேசமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஏஜென்சி வேலை, புருஷனின் விசா, வாடகை. அவள் வாயைத் திறக்காததற்கு நான் மனதுக்குள் காரணங்களை அடுக்கி, அவளையும் மற்றவர்களோடு சேர்த்து வெறுக்கத் தயாராக இருந்தேன். அவள் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. அட்டைய அவர் பாக்கெட்ல வச்சதையும் சொன்னேன்."

"பயமில்லையோ?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நேத்து என் தோள்கிட்டதான வண்டி வந்து நின்னுச்சு."

அவளைப் பற்றி நான் நினைத்ததை அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை ஏஜென்சி அவளைக் கூப்பிடவில்லை. வேலை குறைவு என்றார்கள். அதே கிழமை எங்களுக்கு ஓவர்ரைம் கிடைத்தது. மனேஜரிடம் போய்க் கேட்டேன். அது ஏஜென்சியின் முடிவு, தனக்குச் சம்பந்தமில்லை என்று மெதுவாகச் சொன்னார். மறுபடியும் தண்ணீர் போத்தலை நீட்டினார். நான் வாங்கவில்லை.

ஹோர்னைத் திருத்த வந்தவர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு சுப்பர்வைசர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். வேலையில் காயப்பட்டு நடக்க முடியாதவருக்குச் சட்டப்படி இருந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை கொடுக்க வேண்டும். அதனால் கம்பனி அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போட்டது. நான் நம்பவில்லை. லஞ்ச் ரூமில் திரையைக் கட்டி, புது ஒரேஞ்ச் மேலங்கி போட்டுக்கொண்டு, வண்டி சரிந்தால் குதிக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. காஸ் சிலிண்டர் மகான் குறிப்பெடுத்தார்.

வகுப்பு முடிந்ததும் சுப்பர்வைசர் என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் எழுதினதால எனக்கு வேலை போகப் பாத்தது, தெரியுமோ?"

"தெரியும்."

"எங்கட ஆக்கள் எண்டு ஒரு இது வேண்டாமோ?"

"அந்தப் பிள்ளையும் தமிழ்தான், தம்பி. அதுக்கு வேலை போயிட்டுது. நீர் எப்பவாவது கேட்டனீரோ?"

யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், உண்மையிலேயே விளங்கவில்லை. அவளை அவர் ஒரு நாளும் கவனித்திருக்கவில்லை. காலுக்காக அவர் மேல் கொஞ்சம் இரக்கம் மிஞ்சியிருந்தது. அன்றைக்கு அதுவும் போனது.

குளிர்காலம் தொடங்கும்போது திருச்சிப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒஷாவாவில் ஒரு வெயர்ஹவுசில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாம். போர்க்லிஃப்ட்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். "வாங்கக்கா, இங்க நடக்குறவங்களுக்குத் தனிப் பாதை போட்டிருக்காங்க," என்றாள். பிறம்ரனில் வேலையை விடுவதாக ஒரு வரிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒஷாவாவில் என் லைசென்ஸ் அட்டையை, பயிற்சி கொடுக்கும் அம்மா திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மெலிந்த பிலிப்பைன்ஸ்காரி. ஓட்டிக் காட்டு என்றார். பன்னிரண்டு வருடம் ஓட்டுகிறேன் என்றேன். நல்லது, ஓட்டு என்றார். மனதுக்குள் அவரையும் ஏளனமாக நினைத்துக்கொண்டு ஏறினேன். பின்பக்கமாக எடுக்கும்போது வலத்தோளுக்கு மேலால் மட்டும் பார்த்தேன், இடப்பக்கம் பார்க்கவில்லை. அவர் இடப்பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னார். தாளில் ஏதோ எழுதினார்.

"நாளைக்கு மறுபடியும் வா," என்றார். அன்றைக்கு நான் தேறவில்லை.