நல்லா இருக்கேன்

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். லேத் பட்டறையில் வேலை, திருவானைக்காவலில் வீடு. என் மகளுக்கு வயது பத்தொன்பது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கெல்லாம் அக்கா முறை. எதையும் கற்றுக்கொள்ள அவளுக்கு நிறைய நாள் ஆகும். பட்டன் போடப் பழகவே இரண்டு வருடம் ஆயிற்று.

யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பதில் சொல்லப் பழக்கியது நான்தான். தினமும் சாயங்காலம் கேட்பேன். "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் ஒரு கடலை மிட்டாய். அவளுக்கு அது படிந்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. கேட்கிறவர் வாய் மூடுவதற்குள் சொல்லிவிடுவாள்.

போன வருடம், வயது தாண்டிவிட்டது என்று சிறப்புப் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். வேன் வராது என்று சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. பையை மாட்டிக்கொண்டு தினமும் வாசலில் நின்றாள். ஒரு மாதம் கழித்து அதையும் விட்டுவிட்டாள். சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையை மடக்கித் தன் தலையிலேயே குத்திக்கொண்டாள். காதோரம் கன்றிப்போயிற்று.

நானும் என் மனைவியும் பள்ளியில் போய்ச் சொன்னோம். "இது மனசு சம்பந்தப்பட்டதுங்க. டாக்டரைப் பாருங்க" என்றார்கள்.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் காலையிலிருந்து காத்திருந்தோம். டாக்டர் நல்ல மனுஷர். எங்களை விட்டுவிட்டு அவளைத்தான் முதலில் கேட்டார்.

"என்னம்மா, எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"தூங்குறியா?"

"நல்லா இருக்கேன்."

மிட்டாய்க்காக அவள் கை என் பக்கம் நீண்டது.

"அது நான் சொல்லிக் கொடுத்ததுங்க டாக்டர். அவ நல்லா இல்லைங்க" என்றேன்.

"இந்தப் பிள்ளைங்க அப்படித்தாங்க. அவங்க ஸ்கூல்லயே கேட்டுப் பாருங்க."

"அவங்கதாங்க இங்க அனுப்புனாங்க."

அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று போனது. மகள் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டே வந்தாள். என் மனைவி தன் உள்ளங்கையை நடுவில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நடத்துன பாடம். நூத்துக்கு நூறு வாங்கிட்டா" என்றாள்.

சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் சாயங்காலம் மிட்டாயோடு எதிரில் உட்கார்கிறேன். "வலிக்குதுன்னு சொல்லும்மா" என்கிறேன். என் முகத்தையே பார்க்கிறாள். தன் தலையிலேயே ஒரு குத்து குத்திக்கொள்கிறாள்.

"நல்லா இருக்கேன்."

கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொடுத்துவிடுகிறேன். அவள் தின்பதில்லை. கைக்குள்ளேயே அது பிசுபிசுத்துப் போகிறது.