கால் புண்ணைப் படம் வரைந்த நர்ஸம்மா

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் என் கணவர் வேலை பார்த்துவந்தார். ஷிப்டு முழுக்க மெஷின் முன்னால் நின்றே செய்கிற வேலை. இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்துக் கிடக்கும். இடது கணுக்காலுக்கு மேலே ஏதோ இடித்து வந்த சின்னக் காயம், ஒன்றரை வருஷத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. பார்க்காத வைத்தியமில்லை. வாடைக்குக் கூச்சப்பட்டு, கல்யாண வீடுகளுக்குப் போவதையே அவர் நிறுத்திவிட்டார்.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாரம் ஒருநாள் அங்கே கட்டுப் போடுவார்கள். மற்ற நாட்களில் வீட்டில் நான் மருந்து வைத்து, அவர்கள் சொல்லித்தந்தபடி பாதத்திலிருந்து முழங்கால்வரை துணியை இறுக்கிச் சுற்ற வேண்டும். அங்கிருந்த நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கட்டைப் பிரித்ததும், மருந்தில் துடைத்த கண்ணாடித் தாள் ஒன்றைப் புண்மேல் வைத்து, அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து தேதி போட்டுக்கொள்வார். மனுஷன் வலியில் துடிக்கும்போது இது என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மூன்றாவது வாரம் டாக்டர் அழுகல் சதையை வெட்டி எடுத்தார். புண் முன்னைவிடப் பெரிதாக, பள்ளமாகத் தெரிந்தது. பயத்தில் நான் அந்த நர்ஸிடம் பாய்ந்துவிட்டேன். படம் வரைவதில் இருக்கிற அக்கறை வைத்தியத்தில் இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கட்டுப் போட்டு முடித்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அதற்குப் பிறகும் புண்ணைத் தினமும் பார்த்தேன். எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஏழாவது வாரம் என் கணவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"மதுரைக்குப் போயி காலை எடுத்துருவோம்ட்டி. இனி என்னால ஏலாது."

டாக்டரிடம் கடிதம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

விஷயத்தைக் கேட்ட நர்ஸ், கட்டைப் பிரித்து வழக்கம்போல வரைந்தார். பிறகு பழைய தாள்களையெல்லாம் எடுத்து, புதுத் தாளோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவது வாரத்துக் கோடுதான் எல்லாவற்றிலும் பெரிது. அதற்குள்ளே நாலாவது, அதற்கும் உள்ளே ஐந்தாவது. அன்று வரைந்தது மூன்றாவது வாரத்துக் கோட்டில் பாதிகூட இல்லை.

"தெனமும் பாக்குறியல்லக்கா, அதான் ஒங்களுக்குத் தெரியல" என்றார். மஞ்சளாக இருந்த சதை சிவந்திருப்பதையும், ஓரத்தில் புதுத் தோல் வெளிறி ஏறிவருவதையும் காட்டினார். "இது ஆறி வர்ற புண்ணு. இந்தக் காலை எதுக்கு எடுக்கணும்?"

என் கணவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கோ சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அன்றைக்குப் பேசியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நர்ஸிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, பயத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புண் முழுசாக மூட இன்னும் மூன்று மாதம் ஆனது. அந்தப் புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்று நாங்கள் சொல்கிற பெருமாள் கோயில் குன்றின் படிகளை என் கணவர் தன் இரண்டு காலாலும் ஏறினார். நான் பின்னாலேயே, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

இனி ஒன்றும் ஆகாது என்று எதையாவது கைவிடத் தோன்றும்போதெல்லாம், என் கண்ணை மட்டும் நம்பி ஒரு நல்ல காலை வெட்டக் கொடுக்கக் கிளம்பினேனே என்ற நினைப்பு வந்து, இன்றும் என்னைக் கொஞ்சம் பொறுக்க வைக்கிறது.