அக்கா வீட்டு வளைவு

ரயில் திட்ட அலுவலகத்தில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பொறியாளர்கள் வாயால் சொல்வதைக் கோடு போட்டு வரைபடமாக்கிக் கொடுப்பது அவர் வேலை. வரைவதற்கு முன் அந்த இடத்தை ஒரு தடவையாவது நடந்து பார்க்காவிட்டால் அவருக்குக் கை ஓடாது. இருபத்தாறு வருஷத்தில் அவர் போட்ட கோட்டைப் பிசகு என்று யாரும் சொன்னதில்லை.

நகரம் வடக்கே வீங்கிக்கொண்டே போயிற்று. நேற்றுவரை முள்ளும் கல்லுமாகக் கிடந்த இடமெல்லாம் அடுக்குமாடி. அங்கிருந்து காலையில் வரும் பேருந்தில் படியில் கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அங்கே குடியிருப்பவர்களுக்காகத்தான் இந்த இலகு ரயில். சாலையோரமாகவே ஓடும், பதினாலு நிறுத்தம்.

பாதை பெரும்பாலும் நெடுஞ்சாலையோடு நேராகப் போய்விட்டது. பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கத்தில்தான் வினை. அங்கே சாலை குறுகல். பின் தெருவுக்குள் திரும்பித்தான் ஆகவேண்டும். ரயில் என்ன ஆட்டோவா, நினைத்த இடத்தில் ஒடித்துத் திருப்ப? அகலமாக வளைய வேண்டும். அவர் வளைவைப் போட்டார். அதன் அடியில் பதினோரு வீடுகள் வந்தன. நாலாவது வீடு அவருடைய அக்காவினுடையது.

"என்ன, அப்படியே உக்காந்துட்டீங்க?" என்றார் பொறியாளர் அம்மா.

"இதுல ஒரு வீடு எங்க அக்காவோடது, மேடம்."

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "வேற யாரையாவது வரையச் சொல்லட்டுமா?"

"யார் போட்டாலும் வளைவு இங்கதான் விழும். நானே போடறேன்."

"அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்."

அக்கா தையல்காரி. அந்தத் தெருவில் அவள் தைத்த துணியைப் போடாதவர்கள் இல்லை. "அக்காவும் தம்பியுமா டேப்பைப் புடிச்சே பொழைச்சுக்கிட்டோம்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வளைவு போட்ட மூன்றாம் வாரம் போன் செய்தாள்.

"மக குழந்தையோட இங்கயே வந்துடறாளாம். மாடில ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கேன். படம் போட்டுக் கொடுடா."

"இப்ப என்னக்கா அவசரம்? ஒரு வருஷம் போகட்டுமே."

"ஒரு வருஷம் அவ கூடத்துல படுத்துக் கெடக்கணுமா? உனக்கு நேரமில்லன்னா நேரா சொல்லு."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வேலையும் கண்முன் வந்து நின்றது. "ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்க்கா?" என்று கேட்டார்.

அறிவிப்பு வருவதற்குள் வளைவையே மாற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது அவருக்கு. மூன்று விதமாக வரைந்து கொண்டுபோனார். ஒன்றில் பிரசவ வார்டு இடிபட்டது. ஒன்றில் பள்ளிக்கூடத்து வாசல் போயிற்று. மூன்றாவதில் நாற்பது வீடு. பொறியாளர் அம்மா மூன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் மூன்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அக்கா வீட்டு மாடியில் அவர் போட்டுக் கொடுத்த படத்தின்படி ஞாயிறுக்கு ஞாயிறு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. பெயிண்ட் வாசனை போகாத அந்த அறையில் அக்கா அவருக்குத்தான் முதல் டீ கொடுத்தாள். "ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? நல்லா வரலையா?"

"நல்லாத்தான் வந்திருக்குக்கா."

பாதையை அறிவிக்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுமக்கள் கூட்டம் நடந்தது. சுவர் முழுக்க வரைபடம். புறநகர்க்காரர்கள் கை தட்டினார்கள். ஒரு நர்ஸ் பெண் எழுந்து, "வேலைக்கு வர ரெண்டு மணி நேரம் ஆகுது. எம் பிள்ளை முழிச்சிருக்கறப்ப நான் பாத்ததே இல்ல. இந்த ரயில் வந்தா பாப்பேன்" என்றாள்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்துக்குக் கிட்டே போனாள். தன் தெருவை விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். பிறகு குனிந்து கீழ்மூலையைப் படித்தாள். அங்கே வரைந்தவரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. நேரே அவரிடம் வந்தாள்.

"இந்தத் தேதி சரியா?"

"சரிதான்க்கா."

"நான் படம் கேட்டதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. மூணு வாரம்."

கத்துவாள் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க."

பிறந்ததிலிருந்து அவரை அவள் டா போட்டுத்தான் பேசுவாள். அந்த 'நீங்க' சுருக்கென்று தைத்தது.

அக்கா சண்டைக்குப் போகவில்லை, மனு கொடுக்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். இடம் போதாமல் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டாள். துணி கொடுத்துக்கொண்டிருந்த தெருவே திசைக்கொன்றாகச் சிதறியதில் தையலும் படுத்துவிட்டது. அவர் வாராவாரம் போவார். "வாங்க, உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?" என்பாள், வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல.

ஒருநாள் அவர் உடைந்துபோனார். "அக்கா, கன்னத்துல நாலு அறை விடு. இந்த 'நீங்க' மட்டும் வேணாம். சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்க்கா."

"வீடு போனதுக்கு நான் ஏதாவது சொன்னேனா? அந்த நர்ஸ் பொண்ணு பேசினதை நானும்தானே கேட்டேன். ரயில் வரட்டும்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா, ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு கேட்டீங்களே. அதைத்தான் என்னால முழுங்க முடியல."

மறுநாளே அவர் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வரைபடத்துக்குள் ஒரு வீடு வந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த வாரமே சொல்லிவிட வேண்டும், அதன்மேல் அவர்கள் ஒரு செங்கல் வைக்கும்முன் சொல்லிவிட வேண்டும் என்று. பரிசீலனையில் இருப்பதாக நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மத்தியானம், தையல் மெஷின் மேலேயே சாய்ந்தபடி அக்கா போய்ச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். எல்லாம் முடிந்தபின், ஊரிலிருந்து வந்திருந்த அக்கா மகள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மாமா. கடைசி வரைக்கும் அம்மா உங்களை ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. 'அவர் வருவார், அவருக்குச் சக்கரை கம்மியாப் போடணும்'னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

"'அவர்'னுதான் சொன்னாளா?"

"ஆமா."

அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து, மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளோடு படியிறங்கினார்.