ரயில் நிலையம் தூரமா?

போலிஷ் மொழியில் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட முழு வாக்கியம், ரயில் நிலையம் தூரமா என்பது. போலந்துக்கு நான் போகப் போவதில்லை. போக வேண்டியிருந்தபோது விசா வரவில்லை. விசா வந்தபோது போவதற்குக் காரணம் இல்லை. ஆனாலும் கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் எங்கள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ரேஷன் கார்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்த ரயில் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலும் மக்கர் பண்ணுகிற ஒருத்திக்கு ரொம்ப அவசியமான வேலை.

என் மகன் அங்கே வேலைக்குப் போனான். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம் என்று தெரிந்ததும் எங்கள் சொந்தக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டார் புதுச்சேரி வந்தார்கள். சம்பந்தியம்மா, அதாவது மருமகளின் அம்மா, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். போலிஷைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. நானும் அவரும் கடற்கரைச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். என் புடவை முந்தானை காற்றில் அவர் முகத்தில் அடித்தது, அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பிறகு அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கணையத்தில் கட்டி என்றார்கள். நீ அலையாதம்மா, கொஞ்சம் தேறினதும் நானே வந்துடுறேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். நாங்களும் நம்பிக்கொண்டு விசா பேப்பர்களோடு அலைந்தோம். ஒரு மதியம் மருமகள் மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போன நேரத்தில் அவன் போய்விட்டான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தது சம்பந்தியம்மா மட்டும்தான். அடக்கத்தையும் அந்த ஊரிலேயே செய்தார்கள். நாங்கள் அதைப் போனில் பார்த்தோம், நடுவில் சிக்னல் போய்விட்டது.

அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நம் பக்கத்தில் எந்தச் சாவு வீட்டிலும் யாராவது கேட்டுவிடுகிற கேள்விதான் அது. கடைசியில் வாயில் தண்ணீர் விட்டீர்களா? இதில் எங்களுக்குக் கோயில், மசூதி, மாதா கோயில் என்று வித்தியாசம் கிடையாது. எங்கள் கடைக்கு எதிரே தினமும் நோயாளிகளோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்களே, அவர்களில் யார் கையில் பை இல்லாவிட்டாலும் தண்ணீர் பாட்டில் இருக்கும். நாக்கு வறண்டு ஒரு பிள்ளை போகக்கூடாது. பெற்றவள் பக்கத்தில் இல்லை என்பதையாவது எப்படியோ விழுங்கிவிடலாம். தாகத்தோடு போனானோ என்பதை விழுங்க முடியவில்லை.

வீடியோ காலில் மருமகளிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவள் பின்னால் திரும்பி, சமையலறையில் நின்ற தன் அம்மாவிடம் கேட்டாள். அவர் திரும்பாமலே ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். இல்லை, வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் தரவில்லை, நரம்பில்தான் ஏறிக்கொண்டிருந்தது என்று மருமகள் சொன்னாள். பிறகு முகம் மாறி, ஏன் கேட்கிறீர்கள், நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள். ஐயோ, அப்படியில்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அதன் பிறகு கொஞ்ச நாள் அவள் போன் பண்ணவே இல்லை.

ஆனால் அன்றைக்கு நான் ஒன்றைப் பார்த்தேன். நாங்கள் பேசி முடிக்கும்வரை சம்பந்தியம்மா ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் குடும்பம் நடத்துகிறவள்தான். கழுவிய டம்ளரை ஒரு பெண் எப்போது மறுபடி கழுவுவாள் என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒருவரை வைத்து இதைக் கேட்க முடியாது என்று புரிந்துவிட்டது. போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள். கேள்வியை அதில் போட்டு, வந்ததை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பார்த்தேன். "இறுதி வாயின் நீர் விநியோகிக்கப்பட்டதா" என்று வந்தது. நகராட்சிக்கு மனு எழுதுவதுபோல இருந்தது. இதை அந்த அம்மாவுக்கு அனுப்புவதற்குப் பதில் நான் சும்மா இருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் பாஸ்போர்ட் நகல் எடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்கு வந்தாள். அட்டையில் கிரீடம் வைத்த கழுகு. மருமகளின் பாஸ்போர்ட்டில் பார்த்த அதே கழுகு. பிள்ளைச்சாவடியில் மீனவர் குடியிருப்பை ஒட்டி வாடகைக்கு அறை எடுத்திருந்தாள். எனக்கு உங்கள் பாஷையைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டதும், யோகா கற்றுக்கொள்ள வந்த இடத்தில் இப்படி ஒரு மாணவியா என்று அவள் முழித்தாள். எதற்கு என்று கேட்டாள். மருமகளின் பாஷை என்று மட்டும் சொன்னேன்.

வாரத்தில் இரண்டு நாள் கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பஸ் மாறி பிள்ளைச்சாவடி போவேன். கருவாடு காயும் வழியில் நடந்து அவள் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். வீட்டுக்காரருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இந்த வயசுல இன்னாத்துக்கு உனுக்கு இதெல்லாம்? போனவன் வந்துடப் போறானா?" என்றார். மகனைப் பற்றி அந்த மனிதர் பேசியதே அதுதான். அவன் போனதிலிருந்து அவர் மிஷின் டோனரைப் பற்றித்தான் பேசுவார்.

மொழியா அது. ஒரு வார்த்தையின் ஆரம்பத்திலேயே மூன்று மெய்யெழுத்து நெரிசலில் நிற்கும். மன்னிக்கவும் என்பதற்கு ப்ஷெப்ராஷாம் என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்குள் அடுத்த தப்பு நடந்துவிடும். நமக்கு வேற்றுமை எட்டு என்றால் அவர்களுக்கு ஏழு. அதிலே ஒன்று குறைந்ததே என்று சந்தோஷப்பட்டால், ஒவ்வொன்றிலும் ஆண் பெண் என்று பிரித்து வைத்திருந்தார்கள். இரவு படித்தது காலையில் மறந்தது. வடியும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். சில நாள் பஸ்ஸிலேயே தூங்கி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு நிறுத்தத்தைத் தவற விட்டிருக்கிறேன்.

அவள் வைத்திருந்த பாடங்களும் என் பொறுமையைச் சோதித்தன. முதல் பாடத்தில் ரயில் நிலையம் தூரமா, இரண்டாவதில் ஓட்டலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பது, மூன்றாவதில் குடும்பம். எனக்கு ரயில் வேண்டாம் என்றேன். முதலில் ரயில், மற்றதெல்லாம் அப்புறம் என்று சிரித்தாள். தூரத்துக்கு தலெகோ. தண்ணீருக்கு வோடா. அதுவே யாருக்காவது கொடுக்கும்போது வோடெ என்று வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

சிலது மட்டும் தானாகவே மனதில் ஒட்டியது. அவர்களும் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுகிறார்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைகொடுக்க மாட்டார்கள். பிறந்தநாளைவிடப் பெயர்கொண்ட புனிதரின் நாளைக் கொண்டாடுகிறார்கள்; என் மாமியார் வீட்டில் பிரெஞ்சுக்காரர்கள் பழக்கத்தில் 'போன் ஃபேத்' என்று வாழ்த்துச் சொல்லிக் கேக் வெட்டுவதும் அதற்குத்தான். பெரியவர்களை முகத்துக்கு நேரே நீ, நீங்கள் என்று சொல்லாமல், அம்மா வந்தார்களா, அம்மா சாப்பிட்டார்களா என்று வேறு யாரையோ விசாரிப்பதுபோலப் பேசுவது அவர்கள் மரியாதை. அதைக் கேட்டதும் எனக்குச் சம்பந்தியம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது, காரணம் தெரியவில்லை.

ஒன்று மட்டும் வலித்தது. முந்தைய கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஆளில்லாத இடத்தில் ஒரு தட்டு. என் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவோ நாள் அழுதிருக்கிறேன். அது எல்லா வீட்டிலும் வைப்பது, வழிதவறி வருகிற யாராவது ஒருவருக்காக என்று எனக்குப் பாடம் சொல்லித்தந்த பெண் சொன்னாள். யாரோ ஒருவருக்கா என்று எனக்குக் கோபமாக வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். வழிதவறினவன் என்றால் அவனும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் அவள் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். என் கேள்வியை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. சின்னப் பெண், பரிதாபப்படுவாள். பரிதாபத்தைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. தெரிந்த வார்த்தைகளை நானே கோத்துக் கேள்வியைத் தயார் செய்துகொண்டேன்.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் வீட்டுக்காரரோடு கல்லறைக்குப் போய் மாமனார் மாமியாருக்குச் செவ்வந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். என் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் கல்லின் ஓரமாகத் தனியாக ஏற்றினேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல நின்றார். வீட்டுக்கு வந்தபோது சம்பந்தியம்மாவிடமிருந்து படம் வந்திருந்தது. என் மகனின் கல்லறை முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்குகள், சிவப்பும் மஞ்சளுமாக. அவர்களுக்கு அது முந்தின நாளே வந்துவிடுகிறது.

மதியம் நானே அவருக்கு வீடியோ கால் போட்டேன். மருமகள் இல்லாமல் நாங்கள் இருவரும் பேசியது அதுதான் முதல் தடவை. வணக்கம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு மளமளவென்று பேச ஆரம்பித்தார். மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சினேன். பிறகு, எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னேன். தயார் செய்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா? கொஞ்சமாவது?"

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பிறகு அவர் பேசினார். சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல, எனக்குப் புரிகிற வார்த்தைகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக.

"அவன் கேட்டான். டாக்டர் கூடாது என்றார். நான் கொடுத்தேன்."

அடுத்த வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்துபோய் மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்ன ஸ்பூனைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் காட்டினார். இது, இதில் ஒன்று என்றார். அப்புறம் சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, விரல்களைக் குறுக்கி, கொஞ்ச நேரம்தான், பிறகு அவன் இல்லை என்றார். மகளுக்குத் தெரியாது என்றார். ப்ஷெப்ராஷாம் என்றார். திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் ஸ்பூன்தான் அவனைக் கொன்றுவிட்டது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சொந்த மகளிடம்கூடச் சொல்லாமல், சமையலறையில் டம்ளரைக் கழுவிக்கொண்டு, தனியாக. நான் இங்கே எதைக் கேட்க ஏங்கினேனோ, அதையே அவர் அங்கே பாவமாகச் சுமந்திருக்கிறார்.

எங்கள் வழக்கத்தை விளக்க என்னிடம் என்ன போலிஷ் இருந்தது? மூன்று பாடம். அந்த மூன்று பாடத்திலிருந்து எடுத்துத்தான் சொன்னேன்.

"எங்கள் ஊரில் தண்ணீர் அம்மா கொடுப்பாள். நான் தலெகோ. அம்மா கொடுத்தார்கள்."

வேற்றுமையெல்லாம் நிச்சயம் தப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நன்றி என்றேன். மறுபடியும் நன்றி என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்பூனைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"குடுத்தாங்களாமா?" என்று கேட்டார்.

நான் போலிஷ் படித்தது எதற்கு என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"குடுத்தாங்களாம். ஒரு ஸ்பூன்."

"போதும்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவன் போன அன்றைக்குக்கூட அவர் அழவில்லை.