சிரித்ததால் வீணான டேக்

மதுரையில் ஓர் உள்ளூர் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். வேலை, தத்தெடுத்த மகள், உடற்பயிற்சி எல்லாவற்றையும் நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று மகளிர் தினத்துக்கு என்னையே படம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டேன்.

தினமும் நான் ஏறும் கீழக்குயில்குடி மலையடிவாரத்தில்தான் படப்பிடிப்பு. வியர்க்க விறுவிறுக்க நான் ஏறி இறங்கியதும், இயக்குநர் பையன் என் ஏழு வயது மகளிடம் மைக்கை நீட்டினான்.

"பாப்பா, நீ அம்மா வயித்துல பொறக்கலன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

கைக்குழந்தையாக வந்தவளிடம் நாங்கள் எதையும் மறைத்ததில்லை. "எப்பவுமே தெரியுமே!" என்று சிரித்தாள்.

அவன் முகம் சுளித்தான். "அக்கா, சிரிச்சா எடுபடாது. இன்னொரு டேக் போவோம். கிளிசரின் இருக்கு, பாப்பா கண்ணுக்குக் கீழ லேசாத் தடவுனாப் போதும்."

சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி அவன் கையில் திணித்தேன்.

"இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமாக்கா? பாக்குறவங்க அழுதாத்தானே ரேட்டிங் ஏறும்?"

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

அடுத்த வாரமே என் நிகழ்ச்சி வேறொருத்தி கைக்குப் போனது. அதைக்கூட மறந்துவிட்டேன். மகள் கேட்ட கேள்வியை நினைத்தால்தான் இன்றும் வாய் கசக்கிறது. அவன் கேட்ட கேள்விக்கு அவள் அப்படிச் சிரிக்க வேண்டும் என்றுதான் ஏழு வருடமாக அவளை வளர்த்தேன். அவர்களுக்கு அது வீணான டேக்.