வெற்றிலை போடாத வாய் சிவந்த நாள்

ஆறு மாதமாக இருமல் என்னை விடவில்லை. கொழுந்துக் கூடையோடு மலை ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்கு மூன்றும் பெண் பிள்ளைகள், கடைசிக்கு நாலு வயது. நான் போய்விட்டால் இதுகளை யார் பார்ப்பார்கள்?

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடையாய் நடந்தேன். பீடி, சுருட்டு குடிக்கிற ஆண்களைத்தான் நெஞ்சுப் படம் எடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். "நீ என்ன சுருட்டா குடிக்கிற? அடுப்புப் பொக, வேற ஒன்னுமில்ல" என்று டாக்டரையா இருமலுக்குக் குடிக்கிற பாணி மருந்து கொடுத்தார். நானும் நம்பினேன்.

மலைக் குளிருக்கு நாங்கள் எல்லோரும் வெற்றிலை போடுகிறவர்கள். வாய் எந்நேரமும் சிவப்புதான். துப்பியதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். திருவிழா முடியும்வரை வெற்றிலையைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்தேன். "தாயே, எனக்கு என்னன்னு நீயே காட்டு" என்று அழுதேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை பீலிக் குழாயில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவும்போது இருமல் வந்தது. துப்பினேன். சிவப்பு. கொப்பளித்துவிட்டு மறுபடி துப்பினேன். அப்போதும் சிவப்பு. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"நீ வெத்தலயே போடலயே புள்ள!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்டேன், காட்டிவிட்டாள்! எத்தனை நாள் இரத்தத்தை வெற்றிலைச் சாறு என்று துப்பினேனோ, அவளுக்குத்தான் தெரியும்.

டாக்டரையாவைக் கேட்காமலே அன்றைக்கே டவுனுக்குப் போய்ப் படம் எடுத்தோம். இடது நுரையீரலில் ஒரு கட்டி. புற்றுநோய் என்று பிறகு சொன்னார்கள். கொழும்பில் ஆபரேஷன் செய்த யாழ்ப்பாணத்து டாக்டர், "புகைக்காத பொம்பிளையளுக்கும் இது வரும் அம்மா. நல்ல வேளை, பரவுறதுக்கு முதல் வந்திட்டியள்" என்றார். கைகூப்பினேன். அவருக்கா, அவளுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

பத்து வருடமாகிறது. உயிரோடு இருக்கிறேன். மூத்தவளுக்குக் கல்யாணமும் பார்த்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியதும் டாக்டரையாவிடம் போய், "பொம்பளைங்களையும் அனுப்புங்க ஐயா" என்றேன். அவர் தலை குனிந்தார். ஆனால் அனுப்பினார். முதல் முறை நான்கு பெண்கள் போனார்கள், நானும் கூடப் போய், பயந்து அழுத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாரியம்மாவை நம்பி இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிற சகோதரிகளே, விடாத இருமல் இருந்தால் அவளிடம் சொல்லி அழுங்கள். அழுதுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், படம் எடுக்கப் புறப்படுங்கள். அவள் கூட வருவாள். எனக்கு வந்தாள்.