கடலில் இருந்தவரின் ரத்த அழுத்தம்

வெளியூரிலிருந்து வாரம் ஒருநாள் தருவைகுளம் வந்து, வீடு வீடாக ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பது என் வேலை. கணவர் கடலில் இருந்தால் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பழைய அளவையே பதிவேட்டில் எழுதிவிடுவேன். சூசை அண்ணாச்சியை ஒரேயொரு முறை அளந்தேன்: 138/86. பிறகு நாலு மாதம், "அவுக கடலுக்குப் போயிருக்காவ" என்று அவர் மனைவி சொல்ல, அந்த எண்ணையே எழுதினேன்.

ஐந்தாம் மாதம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். சுவரில் அண்ணாச்சியின் படம்; முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கீழே எழுதியிருந்த நாளைப் பார்த்தேன். அவர் இறந்து நாலரை மாதமாகியிருந்தது.

"அப்போ மாத்திரையெல்லாம் என்னாச்சுக்கா?"

"நான்தான் முழுங்குதேன். எனக்கும் தலை கிறுகிறுன்னு வருது. அவுக பேரை வெட்டிட்டா மாத்திரை நின்னுருமேன்னு சொல்லல. ஏளா, நீ ஒரு நாளாவது என் கையில அந்தப் பட்டையக் கட்டிப் பாத்தியா?"

கட்டினேன். காற்று மெல்ல இறங்கியது. கருவியில் எண்கள் வந்து நின்றன: 138/86.

படத்திலிருந்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே அக்காவை மருத்துவரிடம் கூட்டிப்போய், அக்கா பெயரிலேயே சிகிச்சை அட்டை போட வைத்தேன். இப்போது யார் வீட்டில் "அவுக கடலுக்குப் போயிருக்காவ" என்றாலும், சொல்பவரின் கையைத்தான் முதலில் நீட்டச் சொல்கிறேன். இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை.